பொண்ணு தோளுக்கு ஒரு வால்நட் கட்டை

என் பொண்ணு ரைஃபிளைத் தோள்ல வச்ச உடனே தலை அலைய ஆரம்பிச்சிடும். முதல்ல கன்னத்தை எங்கயாவது ஒட்டுவா, ஸ்கோப்ல (குறி பாக்கற தொலைநோக்கி) ஒரு பக்கம் கருப்புப் பிறை மாதிரி நிழல் விழும், அதை சரி பண்ணத் தலையைத் தூக்குவா, தூக்கினா கன்னம் கட்டையை (ஸ்டாக், தோள்லயும் கன்னத்துலயும் ஒட்டற மரப்பாகம்) விட்டு வந்துடும், அப்புறம் முதுகைப் பின்னால வளைச்சு வெயிட்டை சமாளிப்பா, அதுக்குள்ள கை நடுங்கும். 12 வயசு. நல்லா சுடணும்னு அவ்வளவு ஆசை அவளுக்கு, மூச்சை விடறது, ட்ரிக்கரை மெதுவா அழுத்தறது எல்லாம் சொன்னபடி பண்றா, ஆனா அந்தத் துப்பாக்கி அவ உடம்புக்கு செஞ்சது இல்ல. அண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்டு ஓட்டப்பந்தயம் ஓடற மாதிரி. அதைப் பாத்துப் பாத்துதான் ஒரு நாள் முடிவு பண்ணேன், இவளுக்கு நானே ஒரு கட்டை செய்யப்போறேன்னு.

நாங்க இருக்கறது பென்சில்வேனியா, லான்காஸ்டர் பக்கம். எச்1பில இருந்த வருஷமெல்லாம் நான் துப்பாக்கி பக்கமே போனதில்ல, அந்த மாதிரி விசால வந்தவங்க பொதுவா துப்பாக்கி வச்சுக்கக்கூடாது (வேட்டை லைசன்ஸ் மாதிரி சில விலக்கு உண்டு), கிரீன் கார்டு வந்தப்புறம்தான் முறையா வாங்கினேன். இங்க சட்டப்படி துப்பாக்கின்னா அது ரிசீவர், சீரியல் நம்பர் இருக்கற அந்த உலோகப் பாகம்தான். மரக்கட்டை வெறும் மரம், வீட்ல யார் வேணா செஞ்சுக்கலாம். நம்ம ஊர்ல ஆயுதச் சட்டம் 1959 வேற மாதிரி, .22க்கே லைசன்ஸ் வேணும், அதனால ஊர்ல இருந்து படிக்கறவங்க இதை அமெரிக்காக்காரன் கதையா எடுத்துக்கோங்க, ஆனா மரவேலை எங்கயும் மரவேலைதான்.

துப்பாக்கி ரூகர் 10/22. 1964ல வந்தது, இன்னைக்கும் இங்க பாதி வீட்ல இருக்கும்னு தோணும், அவ்வளவு சகஜம். .22 லாங் ரைஃபிள் தோட்டா, ரிம்ஃபயர், அதாவது தோட்டாவோட அடிப்பக்க விளிம்புக்குள்ளயே பத்தவைக்கிற மருந்து இருக்கும், துப்பாக்கிக்குள்ள இருக்கற ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கினா வெடிக்கும். 1887ல வந்த தோட்டா இது. உதை ரொம்ப ரொம்ப கம்மி. முதல் தடவை ஸ்டாக் செய்யறவனுக்கு இதைவிட நல்ல துப்பாக்கி கிடையாதுன்னு நான் நினைக்கறேன், பெரிய ரைஃபிள்ல சின்னத் தப்பு பண்ணாலும் உதையில மரம் பிளந்துடும், இதுல மரத்துக்கு அந்த அடி இல்ல, பொறுமையா கத்துக்கலாம்.

கம்பெனி கட்டை ட்ரிக்கர்ல இருந்து பின் முனை வரைக்கும் 13.5 இன்ச். பொண்ணுக்கு எவ்வளவு வேணும்னு பாக்க ஒரு பழைய வழி இருக்கு, கட்டையோட பின் முனையை முழங்கை மடிப்புல வச்சு கையை மடக்கி ட்ரிக்கர் எட்டுதான்னு பாக்கறது. அது சும்மா தோராயம்தான். நான் என்ன பண்ணேன்னா ஒரு பைன் பலகையில பழைய கட்டை மாதிரி வெட்டி, பின்னாடி கொஞ்சம் கொஞ்சமா அறுத்துக்கிட்டே வந்தேன், ஒவ்வொரு தடவையும் அவளைக் கண்ணை மூடிக்கிட்டு தோள்ல வைக்கச் சொல்லி, அப்புறம் கண்ணைத் திறக்கச் சொன்னேன். 12 இன்ச் வந்தப்போ முதுகு வளையறது நின்னுச்சு. அதே மாதிரி கன்னம் வைக்கற மேடு, அதுக்கு பழைய கட்டை மேலயே ஃபோம் துண்டை அடுக்கி டேப் சுத்தி, கண்ணைத் திறந்த உடனே ஸ்கோப் வட்டம் முழுசா தெரியற வரைக்கும் ஏத்தினேன். பழைய கட்டை இரும்பு சைட்டுக்கு (பேரல் மேலயே இருக்கற குறிமுனை) செஞ்சது, ஸ்கோப் அதுக்கு மேல உக்காருது, அப்போ கன்னமும் மேல வரணும்ல. இவ்வளவு நாள் அந்தப் பிள்ளை கழுத்தைத் தூக்கிக்கிட்டு இருந்ததுக்குக் காரணம் இதுதான், நான்தான் முன்னாடியே கவனிச்சிருக்கணும்.

இன்னொரு விஷயம் இருக்கு. அவ வலது கையால எழுதறவ, ஆனா இடது கண்தான் அவளுக்கு மூத்த கண், அதாவது குறி பாக்கும்போது முந்திக்கற கண். ரெண்டு கையையும் நீட்டி விரலுக்கு நடுவுல ஒரு சின்ன ஓட்டை வச்சு தூரத்துல ஒரு பொருளைப் பாக்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணா மூடச் சொன்னா தெரிஞ்சிடும். அதனால இடது தோள்ல வச்சுதான் சுடறா. போன்ல இதைக் கேட்ட எங்கம்மா "பொட்டப்பிள்ளைய இடது கைப் பழக்கம் பழக்காத"ன்னு ஒரே சத்தம். கட்டையோட பின்பகுதியை லேசா ஒரு பக்கம் சாய்ச்சு செய்வாங்க, கண்ணு நேரா பேரல் கோட்டுக்கு வரணும்னு, வலது தோள்காரங்களுக்கு வலது பக்கம் சாயும், இவளுக்கு இடது பக்கம் சாயணும். கடையில போய் கேட்டா சின்னப்பிள்ளை அளவு கிடைக்கும், இடது பக்கத்துக்கும் தேடினா கிடைக்கும், ரெண்டும் சேர்ந்து ஸ்கோப் உயரத்தோட கிடைக்கறது ரொம்ப கஷ்டம்.

மரம் பக்கத்து பண்ணைக்காரர் கொடுத்தது. வயசானவர், முன்னாடி மாடு வச்சிருந்தார், இப்போ ரெண்டு குதிரை மட்டும். அவர் நிலத்துல புயல்ல சாஞ்ச ஒரு கருப்பு வால்நட் மரத்தைப் பலகையா அறுத்து கொட்டகையில அடுக்கி வச்சிருந்தார், பலகைக்கு நடுவுல குச்சி வச்சு காத்து போற மாதிரி, முனையில எல்லாம் மெழுகு தடவி. ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு வருஷம் காயணும்னு இங்க ஒரு கணக்கு சொல்லுவாங்க. என் பலகை ரெண்டரை இன்ச், அது நாலு வருஷம் காஞ்சது. கொண்டுவந்து வீட்டுக்குள்ள இன்னும் மூணு மாசம் வச்சேன், ஈரம் 8 சதவீதத்துக்கு வந்தப்புறம்தான் கை வச்சேன். பலகையைக் கொடுக்கும்போது அவர் ஒண்ணே ஒண்ணு சொன்னார், இதோட சீவலையும் தூளையும் குதிரை பக்கம் கொண்டு வராதேன்னு. கருப்பு வால்நட் சீவல் மேல குதிரை நின்னா குளம்புக்குள்ள வீங்கி நடக்க முடியாம போயிடும். அதோட இந்த மரத்துல ஜுக்லோன்னு ஒரு சத்து இருக்கு, தக்காளிச் செடியைக் கொன்னுடும், கத்தரிக்கும் ஆகாது. என் மனைவி தோட்டத்துல இருக்கறதே அந்த ரெண்டும்தான், அதனால சீவல் எல்லாத்தையும் பையில கட்டி குப்பைக்கு.

வால்நட் இந்த நாட்டுக்காரங்களுக்கு சும்மா மரம் இல்ல. ஸ்பிரிங்ஃபீல்ட், எம்1 கேரண்ட்னு அவங்க ராணுவ ரைஃபிள் கட்டை எல்லாம் வால்நட்தான். முதல் உலகப்போர்ல கட்டைக்கும் விமான புரொப்பெல்லருக்கும் வால்நட் பத்தாம, 1918ல பாய் ஸ்கவுட் பையன்களை அனுப்பி எங்கெங்க வால்நட் மரம் நிக்குதுன்னு கணக்கெடுக்க வச்சாங்க. அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1700கள்ல, இதே லான்காஸ்டர்ல ஜெர்மன்காரங்க வந்து பட்டறை போட்டு நீளத் துப்பாக்கி செஞ்சாங்க, ஜேக்கப் டிக்கர்ட் மாதிரி ஆளுங்க. அது வால்நட் இல்ல, சுருள் மேப்பிள், புலி வரி மாதிரி குறுக்குக் கோடு ஓடும். இரும்பைக் கரைச்ச நைட்ரிக் ஆசிட்டைத் தடவி சூடு காட்டினா அந்த வரி எழும்பி வரும். லான்காஸ்டர் பக்கத்துல லேண்டிஸ் வேலி மியூசியம் இருக்கு, அங்க அந்தக் காலத்துக் கட்டைகளைப் பாத்தேன், கட்டையோட கழுத்து, அதாவது கை பிடிக்கற இடம், எவ்வளவு ஒல்லி, ஆனா 200 வருஷத்துக்கு மேல ஒடியாம இருக்கு. எப்படின்னு அன்னைக்குப் புரியல, அப்பா சொன்னப்புறம்தான் புரிஞ்சுது.

எங்கப்பா காரைக்குடி பக்கத்துல தச்சர். நிலை, கதவு, ஜன்னல், மாட்டுவண்டி கூட செஞ்சிருக்கார். பலகையில டெம்ப்ளேட் வச்சு சாக்பீஸ்ல வரைஞ்சு வீடியோ கால்ல காட்டினேன். துப்பாக்கிக்குன்னு சொன்னதும் ரெண்டு நிமிஷம் பேசல. அப்புறம் "பேத்திக்கா?"ன்னு கேட்டார். ஆமாப்பா, போட்டிக்குன்னேன்.

"என்ன மரம்ப்பா அது?"

"வால்நட். நம்ம அக்ரூட் வகைதான்ப்பா, இது கருப்பு."

"வைரம் நல்லா பாஞ்சிருக்கு. பலகைய நிமித்திப் பக்கவாட்டுல காட்டு. நாரு எப்படி ஓடுது?"

காட்டினேன். நான் வரைஞ்சது பின்பக்கம் அழகான ரேகை வர்ற மாதிரி, அதை மட்டும்தான் நான் பாத்தேன். அவர் வேற இடத்தைப் பாத்தார்.

"இந்தா, கை பிடிக்கிற எடம் இடுங்குது பாரு, அங்க நாரு குறுக்க வெட்டிப் போகுது. ஒடிஞ்சா அங்கதான் ஒடியும். கோடாலிக் காம்புக்கு எப்படி மரம் எடுப்போம்? நாரு முனையில இருந்து முனைக்கு ஓடணும்ல. தலைகீழாத் திருப்பி வச்சுப் பாருப்பா."

திருப்பி வச்சேன். கழுத்து கீழ்நோக்கி சாயற அதே சாய்வுல நாரும் சாஞ்சு ஓடுச்சு, முன்பக்கம் நேரா வந்துச்சு. பின்பக்கத்துல நான் ஆசைப்பட்ட அந்த ரேகை பாதி போயிடுச்சு, போகட்டும். எட்டாயிரம் மைலுக்கு மேல தள்ளி உக்காந்துக்கிட்டு போன் ஸ்க்ரீன்ல பாத்து சொல்றார், எனக்கு அந்த நிமிஷம் தொண்டை அடைச்சிடுச்சு. சின்ன வயசுல பட்டறைக்கு வாடான்னு கூப்பிட்டப்போ எல்லாம் படிக்கணும்னு ஓடிப்போனவன் நான்.

வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேகசினை (தோட்டா அடுக்கற பெட்டி) கழட்டி, சேம்பர் (தோட்டா போய் உக்கார்ற அறை) காலியான்னு கண்ணால பாத்து விரல் விட்டும் பாக்கணும், ஒவ்வொரு தடவை கையில எடுக்கும்போதும். 10/22வைப் பழைய கட்டையில இருந்து எடுக்க, முன்னாடி பேரலையும் கட்டையையும் சேத்துப் பிடிக்கற வளையம், பேரல் பேண்ட், அதைக் கழட்டி, அடியில ஒரே ஒரு ஸ்க்ரூ, அதைக் கழட்டி, சேஃப்டி பட்டனைப் பாதி வழியில நிறுத்தணும், இல்லன்னா ஏதாவது ஒரு பக்கம் மரத்துல இடிக்கும், அப்புறம் பேரலைத் தூக்கினா முழுசா வெளிய வரும். வந்த உடனே எனக்கு ரெண்டு பின் கீழ விழுந்து உருண்டு ஓடிப்போச்சு. ட்ரிக்கர் பாகத்தை ரிசீவரோட பிடிக்கற குறுக்குப் பின் அது, லூசாத்தான் இருக்கும், அதை வெளிய வராம பிடிச்சு வச்சிருக்கறதே கட்டையோட ரெண்டு பக்கச் சுவர்தான். ஒரு மணி நேரம் தேடினேன் கேரேஜ்ல. ஆனா அதுல ஒரு பாடம் கிடைச்சுது, குடையற குழி ரெண்டு பக்கமும் ரிசீவரை ஒட்டி நிக்கணும், அகலமா விட்டா பின் நகரும்.

பலகை சதுரமா இருக்கும்போதே குழி குடையற வேலையை முடிச்சிடணும், இது ரொம்ப முக்கியம். வெளிப்பக்கத்தை முதல்ல அழகா செதுக்கிட்டா அப்புறம் எதை வச்சு அளக்கறது, எப்படி மேஜையில நேரா உக்காரும்? மேல் பக்கத்தை இழைப்புளியால தட்டையாக்கி, நடுக்கோடு போட்டேன், பின்பகுதிக்கு மட்டும் அந்தக் கோட்டை இடது பக்கமா கால் இன்ச்சுக்குக் கொஞ்சம் கம்மியா சாய்ச்சேன். ஸ்க்ரூ ஓட்டையை டிரில் பிரஸ்ல செங்குத்தா போட்டேன். ரிசீவர் குழி, மேகசின் போற வழி, ட்ரிக்கர் வழி எல்லாத்துலயும் பெரும்பகுதியை ஃபோர்ஸ்னர் பிட்டால (தட்டையான அடி வர்ற மாதிரி துளை போடற டிரில் பிட்) எடுத்துட்டு, மீதியை உளியால.

அந்த மீதிதான் நாலு வாரம். உலோகம் மரத்துல எங்க இடிக்குதுன்னு தெரிய, உலோகத்துல கருப்பு மை தடவி உள்ள இறக்கி எடுப்பாங்க, மை ஒட்டின இடத்தை மட்டும் சுரண்டணும், திரும்பத் தடவணும், திரும்ப இறக்கணும். எனக்கு இந்தக் கருப்பு மரத்துல கருப்பு மை சரியாத் தெரியல. பூஜை அறைல இருந்து குங்குமம் கொஞ்சம் எடுத்து வாசலின்ல குழைச்சு தடவினேன், பளிச்சுன்னு செவப்பா ஒட்டிச்சு. ஊர்ல காவி நனைச்ச நூலை இழுத்து மரத்துல கோடு அடிப்பார் அப்பா, அந்த நிறம்தான் ஞாபகம் வந்துச்சு. ராத்திரி சாப்பாடு முடிச்சு கேரேஜுக்குப் போவேன், ஒரு நாளைக்கு முப்பது தடவை இறக்கி எடுத்திருப்பேன், ஒரு தடவைக்கு எடுக்கற மரம் வெங்காயத் தோல் கனம் கூட இருக்காது. பொண்ணு ஹோம்வொர்க் முடிச்சுட்டு வந்து ஸ்டூல்ல உக்காந்து டார்ச் பிடிப்பா, "அப்பா இங்க ரெட் இருக்கு, அங்க ரெட் இருக்கு"ன்னு காட்டுவா. முழுக் குழியும் ஒரே மாதிரி செவப்பா ஒட்டினா உக்காந்துடுச்சுன்னு அர்த்தம்.

மூணாவது வாரம் ஒரு நாள் களைப்புல உளியைக் கொஞ்சம் அழுத்திட்டேன், ரிசீவர் பின்பக்கம் இடது சுவர்ல ஒரு அட்டை கனத்துக்கு இடைவெளி. அதே பலகையில வெட்டின துண்டுல இருந்து நாரு ஒரே பக்கம் ஓடற மாதிரி ஒரு மெல்லிய சீவல் எடுத்து ஒட்டி, காயவச்சு, திரும்ப சுரண்டினேன். இப்போ தேடினாத்தான் தெரியும். அதுக்கப்புறம் ராத்திரி பத்து மணிக்கு மேல உளியைத் தொடறதில்லன்னு வச்சுக்கிட்டேன்.

பேரல் ஓடற வாய்க்காலுக்கு உருட்டுக் கட்டையில உப்புத்தாள் சுத்தித் தேச்சேன். பேரல் மரத்தைத் தொடாம சுத்தி காகிதம் நுழையற இடைவெளி விடணும், மரம் ஈரத்துல வீங்கி பேரலை ஒரு பக்கம் தள்ளினா குண்டு போற இடம் மாறும், இங்க கோடையில புழுக்கம், குளிர்காலத்துல ஹீட்டர் போட்டு வீடு வறண்டு கிடக்கும், மரம் அசையாம இருக்காது. ஆனா 10/22ல ஒரு சிக்கல், ஸ்க்ரூ ஒண்ணுதான், ரிசீவர் அலுமினியம், முழு பேரலும் காத்துல தொங்கினா பாரம் எல்லாம் அந்த இணைப்புல. அதனால ரிசீவருக்கு முன்னாடி பேரலோட முதல் ஒண்ணரை இன்ச்சுக்கு மட்டும் எபாக்சில ஒரு மெத்தை கொடுத்தேன், ரிசீவர் அடியிலயும் அதே. குங்கும வாசலினை அசிட்டோன் போட்டு சுத்தமாத் துடைச்சுட்டு, எபாக்சி உள்ள போகக்கூடாத ஓட்டை எல்லாத்தையும் பொண்ணோட களிமண்ணால அடைச்சு, உலோகம் முழுக்க மெழுகு ரெண்டு தடவை. இந்த மெழுகுல மட்டும் சோம்பேறித்தனமே கூடாது, ஒரு இடம் விட்டாலும் துப்பாக்கியும் கட்டையும் ஒண்ணா ஒட்டிக்கும். மறுநாள் ரப்பர் சுத்தியலால லேசாத் தட்டினேன், "டப்"னு விட்டு வந்துச்சு, உள்ள கண்ணாடி மாதிரி அச்சு. பொண்ணு கை தட்டினா.

வெளிப்பக்கம் செதுக்கறது வேகமாப் போச்சு, பேண்ட்சால உருவம் வெட்டி, ஸ்போக்ஷேவ், ராஸ்ப், ஸ்கிரேப்பர். கழுத்து பருமனை அவ கையை வச்சு வச்சுப் பாத்துதான் இறக்கினேன், அளவு டேப் எடுக்கவே இல்ல. பேரல் பேண்டை விட்டுட்டேன், தேவைப்படல. பின்பக்கம் ரப்பர் பேடுக்கு முன்னாடி கால் இன்ச் ஸ்பேசர் மூணு செஞ்சு தனியா வச்சிருக்கேன், வளர வளர ஒண்ணொண்ணா ஏத்திக்கலாம்.

உப்புத்தாள் 120, 220, 320. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஈரத்துணியால துடைச்சா மரம் மீசை மாதிரி எழும்பி நிக்கும், காஞ்சதும் அதைத் தேச்சு எடுக்கணும், எழும்பறது நிக்கற வரைக்கும். அப்புறம் டங் ஆயில். முதல் மூணு பூச்சை 400 தாள்ல எண்ணெயோட சேத்தே தேச்சேன், அந்தச் சேறு போய் மரத்துளைகளை அடைச்சுக்கும், வால்நட்டுக்குத் துளை பெருசு. அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு பூச்சு, உள்ளங்கையால சூடு வர்ற வரைக்கும் தேச்சு, மொத்தம் பன்னெண்டு. குழி உள்பக்கமும் பின்முனையும் மறக்காம பூசணும், ஈரம் ஏறறதே அந்த வழியாத்தான். இன்னொண்ணு, எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போட்டுடாதீங்க. லின்சீட், டங் மாதிரி காயற எண்ணெய் எல்லாம் காத்தோட சேரும்போது சூடாகும், சுருட்டின துணிக்குள்ள அந்த சூடு வெளிய போக முடியாம தானா தீப்பிடிக்கும். நான் வேலியில விரிச்சு காயப்போட்டு, அப்புறம் தண்ணி ஊத்தின தகர டப்பாவுல போட்டேன்.

முதல் பூச்சு எண்ணெய் பட்டப்போ அந்த மரம் மாறின நிறம் இருக்கே, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது ஒரு நொடியில காபி டிகாஷன் நிறம், அதுக்குள்ள ஊதா, கழுத்துல நாரு வளைஞ்சு ஓடறது அப்படியே தெரிஞ்சுது. போட்டோ எடுத்து அப்பாக்கு அனுப்பினேன். "கழுத்த காட்டு"ன்னு ஒரே பதில். காட்டினேன். "சரியா இருக்கு"ன்னார். அவர் வாயில இருந்து அது வர்றது சாதாரணம் இல்ல, அவர்கிட்ட வேலை பாத்த பசங்களைக் கேட்டாத் தெரியும்.

ரேஞ்சுல முதல் நாள், கண்ணாடி, காது மூடி எல்லாம் போட்டு (இடது தோள்காரங்களுக்கு சுட்ட தோட்டாவோட வெத்துக் குப்பி முகத்துக்கு முன்னாடியே குறுக்க பறக்கும், கண்ணாடி இல்லாம கூடவே கூடாது) உக்காந்தா. நான் டார்கெட்டைப் பாக்கல, அவ கழுத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். தோள்ல வச்சா, கன்னம் போய் மேட்டுல உக்காந்துச்சு, தலை நகரவே இல்ல. 25 கஜத்துல பத்து குண்டு, பழைய கட்டையில ஒரு சாசர் அகலத்துக்கு சிதறினது இப்போ ஒரு டம்ளர் வாய்க்குள்ள அடங்கிச்சு. திரும்பிப் பாத்து "அப்பா, இது கனமே இல்லப்பா"ன்னா. எடை போட்டுப் பாத்தா பழைய கட்டையை விட இது கொஞ்சம் அதிகம்தான்.

கைப்பிடியில செக்கரிங் (கை வழுக்காம இருக்க செதுக்கற குறுக்குக் கோடுகள்) இன்னும் போடல, இன்ச்சுக்கு 18 கோடுன்னு மிச்ச மரத்துண்டுல பழகிக்கிட்டு இருக்கேன், கோடு இன்னும் நேரா வரமாட்டேங்குது, வந்தப்புறம்தான் இதுல கை வைப்பேன். அதுக்குள்ள அவ வளந்துட்டா. போன வாரம் ரப்பர் பேடைக் கழட்டி முதல் ஸ்பேசரை அவளே ஸ்க்ரூ போட்டு ஏத்திக்கிட்டா, இன்னும் ரெண்டு டப்பாவுல இருக்கு.